பாவாடை நாடாவுக்குக் கீழே

எங்கள் வீட்டில் ஹெர்னியா என்றால் அது அப்பாவுடையது. உசிலம்பட்டிப் பக்கம் பலசரக்குக் கடை வைத்து, வாழ்நாளெல்லாம் அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் தூக்கியவர். வலது கவட்டையில், வயிற்றுச் சுவரின் பலவீனமான இடம் வழியே குடல் பிதுங்கிய ஒரு புடைப்பு. நின்றால் தெரியும், படுத்தால் உள்ளே போய்விடும். தும்மல் வருகிற மாதிரி இருந்தால் கல்லாவில் உட்கார்ந்தபடியே வேட்டிக்கு மேல் கையை வைத்து அமுக்கிக்கொண்டுதான் தும்முவார். கடைக்கு வருகிறவர்களுக்கே அது தெரியும். "அண்ணாச்சி, இன்னும் ஆபரேஷன் பண்ணலையா?" என்று சீரகம் வாங்க வந்தவர் கேட்பார். ஒருவர் பெல்ட் வாங்கிக் கொடுத்தார், அது வெயிலில் அரித்தது. இன்னொருவர் விளக்கெண்ணெய் தடவச் சொன்னார். வயிற்றில் மூன்று ஓட்டை போட்டுச் செய்கிறார்கள், மறுநாளே எழுந்து நடக்கலாம் என்று ஒருவர் கோயம்புத்தூர் போன் நம்பரே எழுதிக் கொடுத்தார். ஊர்ப் பொதுச் சொத்து மாதிரி எல்லோருக்கும் அதில் ஒரு கருத்து இருந்தது.

அவருடைய அக்கா, என் அத்தை, அதே வருடம் அதே வகை வியாதியில் சாகக் கிடந்தார். அவருக்கு அது இருந்தது கடைசி ராத்திரி வரை யாருக்கும் தெரியாது. இரண்டு பேருக்கும் ஆஸ்பத்திரித் துணையாகப் போனவள் நான்தான் என்பதால் ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அப்பாவைப் பார்த்த ஒவ்வொரு டாக்டரும், சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில்கூட, அவரை நிற்க வைத்து, வேட்டியை விலக்கச் சொல்லி, "இருமுங்க" என்றார்கள். ஐந்து நொடி வேலை. அத்தையை வாந்தியோடு மூன்று இடத்துக்குக் கொண்டுபோனோம். நிற்கவோ இருமவோ யாரும் சொல்லவில்லை. இது மனதில் ஆறமாட்டேன் என்கிறது.

கேஸ் ட்ரபுள்

அத்தைக்கு எழுபதை நெருங்கும் வயது. ஒல்லி உடம்பு, நான்கு பிரசவம், விறகடுப்புப் புகையில் வந்து தங்கிவிட்ட இருமல். ஒரு காலையில் வாந்தி ஆரம்பித்தது. ஓமத்தண்ணி, சோடா எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டார்கள், கேஸ் ட்ரபுள் என்றார்கள். மறுநாளும் நிற்காததால் ஸ்கேன். படுக்க வைத்து, தொப்புளைச் சுற்றி ஜெல் தடவி எடுத்த ஸ்கேன். குடலில் காற்று அதிகம், சில இடங்களில் குடல் விரிந்திருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. தொடை இடுக்கு வரை அந்தக் கருவி இறங்கவில்லை. இறங்கச் சொல்லி யாரும் சீட்டில் எழுதவும் இல்லை.

அப்புறம் ஒரு தனியார் மருத்துவமனை. மூக்கு வழியாக டியூப் போட்டு, டிரிப்ஸ் ஏற்றினார்கள். குடல் அடைப்பாக இருக்கலாம் என்ற சந்தேகம் அங்கேயே வந்துவிட்டது, அதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அத்தைக்கு அவ்வப்போது கொஞ்சம் வெளிக்குப் போனது. "வெளிக்குப் போகுதுல்ல, அப்புறம் என்ன அடைப்பு?" என்று நாங்களும் பேசிக்கொண்டோம், நர்ஸும் சொன்னார். வயிற்றில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் தழும்பு ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும், பழைய ஆபரேஷனால் குடல் ஒட்டியிருக்கும், பட்டினி போட்டால் தானாகப் பிரிந்துவிடலாம் என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒட்டல் அப்படிப் பிரிவதும் உண்டுதான். மூன்றாம் நாள் வயிறு உப்பி நாடித்துடிப்பு ஏறியபோது, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று ஃபைலைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அவசரப் பிரிவில் ராத்திரிக் கூட்டம். அறுவை சிகிச்சைப் பிரிவில் படிக்கும் ஒரு பி.ஜி. டாக்டர் வந்தார், என்னைவிடச் சின்னப் பெண். ஃபைலைப் புரட்டினார், வயிற்றை அமுக்கினார், ஸ்டெத் வைத்துக் கேட்டார். அதுவரை எல்லோரும் செய்ததுதான். அப்புறம் திரையை இழுத்துவிட்டு, என்னை அதைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டு, "அம்மா, பாவாடை நாடாவைக் கொஞ்சம் அவுக்கணும்" என்றார்.

அத்தை இரண்டு கையாலும் நாடா முடிச்சைப் பிடித்துக்கொண்டார். "வயித்துலதான் தாயி நோவு. கீழ ஒண்ணுமில்ல." அத்தனை பலவீனத்திலும் அந்தப் பிடி தளரவில்லை. டாக்டர் அதட்டவில்லை, "படிச்சவங்க சொன்னா கேளுங்க" என்றும் சொல்லவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அத்தையின் கை மேல் கையை வைத்துக்கொண்டார். "வயித்துல அடைப்புன்னு வந்தா, ஆம்பளையா இருந்தாலும் பொம்பளையா இருந்தாலும், இந்த இடத்தப் பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேம்மா. பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்." வெளியே யாரோ ஸ்ட்ரெச்சருக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். இவர் அவசரப்படுகிற மாதிரியே தெரியவில்லை. அத்தை முடிச்சை விட்டார்.

வலது தொடை இடுக்கின் மடிப்புக்குக் கீழே, சற்று வெளிப்பக்கமாக, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. டாக்டரின் விரல் பட்டதும் அத்தை அலறிவிட்டார். அந்த மூன்று நாளில் வயிற்றை எத்தனை பேர் அமுக்கியபோதும் அவர் அப்படி அலறியதில்லை.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"அது நெறிம்மா. கால்ல பித்தவெடிப்பு. ஒரு வருசமா வரும் போகும்."

டாக்டர் பாதத்தைப் பார்த்தார். பித்தவெடிப்பு இருந்தது, புண்ணோ சீழோ இல்லை. மறுபடி கட்டிக்கு வந்து, இடுப்பெலும்பின் முன்பக்கத்தில் உள்ள ஒரு சின்ன எலும்பு முடிச்சை விரலால் தேடிப் பிடித்தார். கட்டி அதற்கு மேலேயா கீழேயா என்று பார்த்துவிட்டு எழுந்தார். "நெறி இல்லம்மா. குடல் மாட்டியிருக்கு." என் பக்கம் திரும்பி, அதை யாரும் உள்ளே தள்ளிப் பார்க்கக் கூடாது, தொடவே வேண்டாம் என்றார். விடிவதற்குள் அத்தை தியேட்டரில் இருந்தார்.

கட்டிக்குள் மாட்டியிருந்தது குடலின் முழுச் சுற்றளவும் இல்லை, ஒரு பக்கச் சுவர் மட்டும். அதனால்தான் குடலின் மிச்ச வழியாகக் கொஞ்சம் கொஞ்சம் கழிவு இறங்கியிருக்கிறது, நாங்களும் அடைப்பில்லை என்று தேற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். 18ஆம் நூற்றாண்டிலேயே ரிக்டர் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் இதை விவரித்திருக்கிறார், இன்றும் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். மாட்டிய துண்டு கறுத்துவிட்டது. அதை வெட்டி எடுத்துக் குடலின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். ஓட்டையை, வழக்கமாக ஒட்டுப்போடும் பிளாஸ்டிக் வலை வைக்காமல், தையலாலேயே மூடினார்கள். அழுகிய குடலைத் திறந்த இடத்தில் வலை வைத்தால் சீழ் பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டாம்.

நெறி

அத்தை சொன்ன காரணத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நம் ஊரில் காலில் முள் குத்தினாலோ புண் வந்தாலோ தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும், அது உண்மையும்கூட. அங்கே நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன, காலில் கிருமி தாக்கினால் அவை வீங்கும். அத்தைக்கு வந்த ஹெர்னியா சரியாக அதே இடத்தில்தான் புடைக்கும். டாக்டர்களே இரண்டையும் குழப்பிக்கொள்வது உண்டு. காலில் வெடிப்பு, இடுக்கில் கட்டி: இரண்டையும் சேர்த்து அத்தை போட்ட கணக்கில் பிழை சொல்ல முடியாது. அந்தக் கணக்கைச் சரிபார்க்க வேண்டியவர்கள் அந்த இடத்தைப் பார்க்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அந்த டாக்டர் பிறகு வார்டில் ஓய்வாக இருந்த ஒரு சாயங்காலம் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அப்பாவுக்கு இருப்பது கவட்டையில், விரைக்கு ரத்தக் குழாய்கள் இறங்கும் கால்வாய் வழியாக வருவது. சுற்றிலும் தசை, நாளாக ஆக வாய் அகலமாகிவிடும், குடல் போகும் வரும். அத்தைக்கு வந்தது தொடைவழி ஹெர்னியா, ஃபெமோரல் என்பார்கள். தொடைக்கு ரத்தம் போய்வரும் பெரிய குழாய்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறு இடைவெளி. ஒரு பக்கம் ரத்தக் குழாய், மற்ற பக்கங்களில் விட்டுக்கொடுக்காத நார்களும் எலும்பும். என் தம்பி சின்ன வயதில் சொம்புக்குள் கையை விட்டுவிட்டு, உள்ளே இருந்த புளியங்கொட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டியது ஞாபகம் வந்தது. கழுத்து குறுகல் என்பதுதான் சிக்கல். உள்ளே போன குடல் வீங்கிவிட்டால் வெளியே வர வழியில்லை, ரத்த ஓட்டமும் நின்றுவிடும்.

அப்படியானால் நாங்கள் பயப்பட வேண்டிய கட்டி எது? ஊரே பார்த்த அப்பாவின் பெரிய கட்டியா, யாரும் பார்க்காத அத்தையின் சின்னக் கட்டியா? ஸ்வீடனில் நாடு முழுவதும் ஹெர்னியா அறுவைகளைப் பதிவு செய்துவருகிறார்கள். அந்தப் பதிவேட்டை வைத்து 2009இல் வந்த ஆய்வில், தொடைவழி ஹெர்னியா அறுவைகளில் 100க்குச் சுமார் 36 அவசர அறுவைகளாக நடந்திருந்தன. கவட்டை ஹெர்னியாவில் அது 100க்கு 5 மட்டும். அவசரமாகச் செய்த தொடைவழி அறுவைகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்குக் குடலை வெட்ட வேண்டியிருந்தது. எல்லாருக்கும் மருத்துவம் கிடைக்கிற ஸ்வீடனிலேயே அப்படி. இத்தனைக்கும் பெண்களுக்கும் அதிகம் வருவது கவட்டை ஹெர்னியாதான். ஆனால் தொடைவழி ஹெர்னியா என்று எடுத்துக்கொண்டால் அதில் பெண்கள்தான் அதிகம், அதிலும் மெலிந்த, வயதான, பல பிரசவம் கண்ட பெண்கள். அத்தையைப் பார்த்து எழுதிய மாதிரி இருக்கிறது.

டிஸ்சார்ஜுக்கு முன்பு பழைய ஃபைலைக் காப்பீட்டு வேலைக்காக நகல் எடுக்கப் போனபோதுதான் அந்த வரியைப் பார்த்தேன். தனியார் மருத்துவமனைக் குறிப்பில், வயிறு உப்பல், குடல் சத்தம் என்று பட்டியல் போட்ட இடத்தில், அழகான கையெழுத்தில் 'ஹெர்னியல் ஆரிஃபைசஸ் ஃப்ரீ' என்று இருந்தது. ஹெர்னியா வரும் வாசல்களையெல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் ஒன்றும் இல்லை என்று பொருள். அங்கே இருந்த இரண்டு நாளும் நான் அத்தையின் கட்டிலை விட்டு நகரவில்லை. நாடா அவிழவில்லை.

யாரைத் திட்டுவது என்று இன்றும் தெரியவில்லை. அந்தக் குறிப்பை எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்க மாட்டார். எல்லா நோயாளிக்கும் அந்த வரிசையில் அந்த வரி வரும், கை பழக்கத்தில் எழுதிவிடும். இளம் ஆண் டாக்டர், வயதான கிராமத்துப் பெண், துணைக்கு நர்ஸ் கிடைக்காத வார்டு, சுற்றிலும் கட்டில் கட்டிலாக ஆட்கள். "பாவாடையை இறக்குங்க" என்று சொல்ல அவருக்கும் சங்கடம், கேட்டுச் செய்ய அத்தைக்கும் சங்கடம். இரண்டு சங்கடமும் சேர்ந்து மரியாதை என்கிற பெயரில் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. ஒரு திரையும் ஒரு நர்ஸும் இரண்டு நிமிடமும் இருந்திருந்தால் போதும். அதைக்கூட ஏற்பாடு செய்துகொள்ளாமல் 'ஃப்ரீ' என்று எழுதியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பார்க்கவில்லை என்று எழுதியிருந்தால் அடுத்து வருகிறவர் பார்த்திருப்பார்.

இந்தக் கூச்சத்தைக் கிராமம், படிப்பில்லாமை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜார்ஜின் மனைவி கரோலின் அரசி தொப்புள் ஹெர்னியாவால் 1737 நவம்பரில் இறந்தார். கடைசிப் பிரசவத்தில் வந்தது, பத்து வருடத்துக்கு மேல் மருத்துவர்களிடம் காட்டாமல் மறைத்து வைத்திருந்தார். வயிற்று வலியில் துடித்தபோது அரண்மனை மருத்துவர்களும் முதலில் வயிற்றுக் கோளாறு என்றே மருந்து கொடுத்தார்கள். விஷயம் தெரிந்து கத்தி வைத்தபோது குடல் கெட்டுப்போயிருந்தது. அரசியாக இருந்தும் அவர் கட்டிக் காத்த ரகசியம் அத்தையின் நாடா முடிச்சுதான்.

ஆம்பளை வியாதி

வார்டில் பேச்சுக் கொடுத்தால், பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். "ஹெர்னியாவா? அது ஆம்பளைங்களுக்கு வர்றதுல்ல?" எண்ணிக்கையில் அது சரிதான். ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது கவட்டை ஹெர்னியா அறுவைக்கு வாய்ப்பு உண்டு, பெண்களில் 100க்கு 3 பேர் அளவு. ஆனால் ஒரு வியாதி ஆம்பளை வியாதி என்று பெயர் எடுத்துவிட்டால் அதைப் பற்றிய அறிவும் ஆண் உடம்பை வைத்தே வளர்ந்துவிடுகிறது. அத்தை வீடு திரும்பிய பிறகு ராத்திரி ராத்திரியாக இதைப் படித்துக்கொண்டிருந்தேன். கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு மருத்துவக் கட்டுரை பாதிதான் புரியும். அந்தப் பாதியிலேயே இது தெரிந்தது.

1880களில் இத்தாலியின் பாதுவா நகரில் எடோவார்டோ பாசினி கவட்டைச் சுவரை அடுக்கடுக்காகத் தைத்து மூடும் முறையைக் கண்டதிலிருந்துதான் இந்த அறுவை நம்பகமாகிறது. அதற்கு முன்பு போட்ட தையல் பாதிக்குப் பாதி பிய்ந்து போகும், மற்றவர்கள் சாகும்வரை பெல்ட்டோடு அலைய வேண்டும். தசையை இழுத்துத் தைத்தால் இழுவிசையில் அறுந்துவிடுகிறது என்பதால், 1950களின் இறுதியில் அமெரிக்காவின் ஃபிரான்சிஸ் அஷர் பிளாஸ்டிக் வலையைக் கொண்டுவந்தார். இழுக்காமல் வலையை ஒட்டுப்போடும் முறையை லாஸ் ஏஞ்சலஸின் இர்விங் லிக்டன்ஸ்டைன் 1980களில் பிரபலமாக்கினார். 1990களில் சிறு ஓட்டைகள் வழியே கேமராவை விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி வந்தது. நம் நாட்டின் பங்கும் உண்டு. மகாராஷ்டிரத்தின் தோண்டாயிச்சா என்ற சிற்றூரில் ரவீந்திரநாத் தோங்காவ்கர் என்ற அறுவை மருத்துவர், ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் வலைக்குப் பதிலாகக் கொசுவலைத் துணியை வெட்டிக் கிருமி நீக்கிப் பயன்படுத்தினார், செலவு சில ரூபாய். எல்லோரும் புருவம் உயர்த்தினார்கள். பின்னால் அதே மாதிரி மலிவு வலையை உகாண்டாவில் விலை உயர்ந்த வலையோடு ஒப்பிட்டுப் பார்த்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருடத்தில் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது. அதில் சேர்க்கப்பட்ட 302 பேரும் ஆண்கள். அறிகுறி இல்லாத, அல்லது லேசாக மட்டும் உள்ள ஹெர்னியாவை அறுக்காமல் கவனித்துக்கொண்டே இருக்கலாமா என்று அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில் 720 பேர், எல்லோரும் ஆண்கள். இதில் சதி எதுவும் இல்லை, காரணங்கள் உண்டு. ஆனால் "ஹெர்னியாவா, அவசரமில்லை, பார்த்துக்கலாம்" என்று ஊரெல்லாம் புழங்குகிற வாசகம் அந்த 720 ஆண்களிடமிருந்து வந்தது. பெண்களுக்கு அது பொருந்தாது. 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டு நெறிகள் பெண்ணுக்குக் கவட்டைப் பகுதியில் ஹெர்னியா என்றால் காத்திருக்காமல் சரிசெய்யச் சொல்கின்றன. முடிந்தால் லேப்ராஸ்கோப்பியில், ஏனென்றால் உள்ளிருந்து பார்த்தால் தொடைவழி ஓட்டையும் கண்ணில் படும். முன்பக்கமாகத் திறந்து கவட்டை ஓட்டையை மட்டும் மூடிவிட்டு வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஸ்வீடன் பதிவேடுதான் சாட்சி. மறுபடி ஹெர்னியா வந்து இரண்டாம் முறை அறுக்கப்பட்ட பெண்களில் 100க்கு 40 பேருக்கு மேல் அங்கே இருந்தது தொடைவழி ஹெர்னியா. ஆண்களில் அது 5கூட இல்லை. முதல் தடவையே அது இருந்ததா, பிறகு வந்ததா என்று எல்லாருடைய விஷயத்திலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எனக்கென்னவோ பலருக்கு முதல் தடவையே இருந்திருக்கும், பார்க்கப்படவில்லை என்றுதான் தோன்றுகிறது.

பெண்களுக்கு வரும் இன்னொரு வகை, சிசேரியன், கர்ப்பப்பை அறுவைத் தழும்புகள் வழியே புடைப்பது. அது தனிக் கதை. "பிள்ளை பெத்தா தொப்பை விழத்தான் செய்யும்" என்று அதையும் கொழுப்புக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். தழும்பை ஒட்டி ஒரு பக்கமாக வீங்கி, படுத்தால் அமுங்குகிற தொப்பையைக் காட்டிவிடுவது நல்லது, அவ்வளவுதான் இப்போதைக்கு.

அப்பாவின் முறை

அத்தையின் வயிற்றில் மேலிருந்து கீழ் வரை போட்ட தையலைப் பார்த்ததும் அப்பா ஆடிப்போய்விட்டார். அத்தனை வருடம் தள்ளிப்போட்டவர், "நாளைக்கே பண்ணிரு பாப்பா" என்றார். அவர் கட்டி அவ்வளவு அவசரம் இல்லை என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. அறுவை மருத்துவரும் அதையே சொன்னார். அந்த 720 பேர் ஆய்வில் காத்திருந்தவர்களில் திடீரென்று குடல் மாட்டியது வருடத்துக்கு 1000 பேரில் இரண்டு பேருக்கும் குறைவு. கூடவே இன்னொன்றும் சொன்னார். காத்திருந்தவர்களில் 100க்கு 68 பேர் பத்து வருடத்துக்குள் அறுவைக்கு வந்துவிட்டார்கள், பெரும்பாலும் வலி தாங்காமல். "இப்ப பண்ணணும்னு இல்ல. ஆனா என்னைக்காவது பண்ணுவீங்க. உடம்பு நல்லா இருக்கிறப்ப பண்ணிக்கிறதா, இன்னும் வயசானப்புறம் பண்ணிக்கிறதா, அதுதான் கேள்வி." எனக்கு இந்தப் பதில் பிடித்திருந்தது. பயமுறுத்தி மறுநாளே படுக்க வைக்கும் இடங்களையும் பார்த்திருக்கிறோம்.

அவர் அப்பாவைக் கேட்ட கேள்விகளில் பாதி ஹெர்னியாவைப் பற்றியே இல்லை. ராத்திரி எத்தனை தடவை ஒன்றுக்குப் போக எழுந்திருக்கிறீர்கள், முக்கிப் போகிறதா, மலச்சிக்கல் உண்டா, இருமல் எப்படி, பீடியா சிகரெட்டா. முக்குவதும் இருமுவதும் நிற்காவிட்டால் எந்த ஒட்டும் நிற்காது என்பது ஒன்று. புராஸ்டேட் வீங்கியிருந்தால் அறுவை முடிந்த ராத்திரி சிறுநீர் அடைத்துக்கொள்ளும் என்பது இன்னொன்று. ஸ்கேன் எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். "கண்ணுக்குத் தெரியுது, கைக்குத் தட்டுப்படுது, இதுக்கு எதுக்கு ஸ்கேன்?" என்றார். வலி இருந்து கட்டி தட்டுப்படாதபோது, குண்டான உடம்பில் சந்தேகம் வரும்போது, நிற்க வைத்து முக்கச் சொல்லி எடுக்கும் ஸ்கேனுக்குப் பயன் உண்டாம். அத்தைக்கு எடுத்ததை நினைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு ஏற்கெனவே இதயத்தில் ஸ்டென்ட் இருப்பதால் முழு மயக்கம் தேவைப்படும் லேப்ராஸ்கோப்பி வேண்டாம், முதுகில் ஊசி போட்டுத் திறந்து செய்து வலை வைக்கிறேன் என்றார் டாக்டர். வலை என்றதும் சித்தப்பா வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினார், வெளிநாட்டில் வலை வைத்தவர்கள் வழக்குப் போட்டிருப்பது பற்றி. அதையும் டாக்டரிடமே காட்டினேன். சிரிக்காமல் பதில் சொன்னார். பத்தில் ஒருவருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும் வலி வரலாம், அங்கே ஓடும் நரம்புகளைப் பார்த்து ஒதுக்கி வைப்பதுதான் கவனமெல்லாம், வலை இல்லாமல் தைத்தாலும் அந்த வலி வரும், ஆனால் வலை வைத்தால் மறுபடி வருவது குறையும் என்றார். வீடியோவில் பார்த்ததைவிட அந்தப் பத்தில் ஒன்றுதான் அப்பாவை யோசிக்க வைத்தது. ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். காலையில் பேனாவால் வலது பக்கம் அம்புக்குறி போட்டு உள்ளே கொண்டுபோனார்கள், மதியம் வார்டில் இட்லி கேட்டார்.

இப்போது வீட்டில் நடக்கிற சண்டை தண்ணீர் கேனைப் பற்றியது. காயம் ஆறி, வலி இல்லாமல் இருக்கிற வரை வழக்கமான வேலைகளைச் செய்யலாம், தூக்கலாம் என்று டாக்டர் என் காதுபடச் சொன்னார். பழைய காலம் மாதிரி மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். அப்பா மூன்று மாதம் கழித்தும் இருபது லிட்டர் கேனைத் தொட மறுக்கிறார். கடையில் மட்டும் யாரும் பார்க்காதபோது சர்க்கரை மூட்டையை நகர்த்திவிடுகிறார். போன வாரம் பார்க்க வந்த அத்தை கேட்டே விட்டார்.

"ஏன்டா, குடலை வெட்டித் தச்ச நானே ரெண்டு குடம் தூக்குறேன். உனக்கென்ன?"

"உனக்கு வலை வைக்கலயேக்கா. எனக்கு வலை நகந்துரும்."

"அப்ப சக்கரை மூட்டைக்கு நகராதா?"

அப்பா கடைக்குக் கிளம்பிவிட்டார். அத்தை இரண்டு குடம் தூக்குவதைக் கேட்டு எனக்கும் பக்கென்றுதான் இருந்தது, அவருக்கு வயிற்றின் நடுவில் அத்தனை பெரிய வெட்டு, அதன் வழியே புடைப்பு வர வாய்ப்பு உண்டு. அடுத்த மாதம் அவருக்கு மறுபரிசோதனை. தையலோடு இடது பக்கத் தொடை இடுக்கையும் நிற்க வைத்துப் பார்க்க வேண்டும் என்று அந்த பி.ஜி. டாக்டர் சீட்டிலேயே எழுதியிருக்கிறார். இந்தத் தடவை பார்க்கப்போவது ஆண் டாக்டராக இருந்தால் என்ன செய்வது என்று அத்தையிடம் கேட்டேன். "திரையை நீ புடிச்சுக்க தாயி, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார்.